பன்னிரண்டு கெஜப் பாவாடை

பிப்ரவரி 11, செவ்வாய்

முதலாளி இன்று பட்டணத்திலிருந்து ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தார். வெட்டு மேசைமேல் விரித்து, பெண் பார்த்துவிட்டு வந்தவர் போட்டோ காட்டுவதுபோலக் காட்டினார். ஒருத்தி நிற்கிறாள். இடுப்பு என் மணிக்கட்டு அளவு. அதற்குக் கீழே பாவாடை விரிந்து விரிந்து, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே போய்த்தான் நிற்கிறது.

"எத்தனை கெஜம் இருக்கும், சொல்லு பாக்கலாம்" என்றார்.

கண்ணாலேயே அளந்தேன். "பன்னெண்டு."

"அதேதான். இனிமே ஊர்ல எல்லாப் பொம்பளையும் இதைத்தான் கேப்பா."

காஜாக்காரி எட்டிப் பார்த்தாள். பொத்தான் துளை போடுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. வாயிலும் அப்படித்தான். "ஏன் முதலாளி, சண்டை நடக்கறப்ப நாம தச்ச கூடாரத்துக்கும் இவ்வளவு துணிதானே? அதுக்குள்ள எட்டு சிப்பாய் படுத்தான். இதுக்குள்ள ஒருத்தி நிக்கிறா."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். 

ஆறு வருஷம் இதே மேசையில் கூடாரம் வெட்டினேன். பட்டாளத்துக் கால்சட்டையும் வெட்டினேன். அப்போது துணிப் பஞ்சம், துணிக்கு எத்தனை சட்டம்! பெண்கள் பாவாடைக்கு மடிப்பு கூடாது. முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டைக்கு மூன்று பொத்தான்தான். உள்ளங்கை அளவு துண்டு தரையில் விழுந்தாலும் மேற்பார்வைக்காரர் அதைப் பொறுக்கி என் கையில் வைத்து, "இது யாரு அப்பன் வீட்டுது?" என்பார். ஒரு தடவை அவர் கோட்டிலேயே நூல் பிரிந்து தொங்கியது. காஜாக்காரி அதைக் கத்தரித்து அவர் கையிலேயே வைத்தாள். அது வேறு கதை. அதை எழுத ஆரம்பித்தால் தாள் போதாது.

பிப்ரவரி 13, வியாழன்

முதலாளியின் மச்சான் ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். சண்டைக்கு முன்னால் இந்தக் கடையில் வெட்டியவர் அவர்தான். அவர் போன பிறகுதான் என்னை மேசையேற்றினார்கள். இடது முழங்கால் மடங்காதாம். பார்க்கப் பாவமாக இருந்தது. "வாங்க தம்பி" என்றேன். "நல்லா இருக்கீங்களாக்கா?" என்றார். பிறகு என் கையிலிருந்த பெரிய கத்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடுக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மார்ச் ஒன்றாம் தேதியிலிருந்து கடையில் வேலை செய்யும் பெண்கள் கால்சட்டை போட்டு வரக்கூடாது. பாவாடைதான்.

"ஏன் முதலாளி?"

"வர்றவங்க மூஞ்சியைச் சுளிக்கிறாங்கம்மா. பொம்பளைங்க உடுப்பு தைக்கிற கடையில பொம்பளைங்க பொம்பளையா இருக்க வேணாமா?"

"ஆறு வருஷமா நான் என்னவா இருந்தேன்?"

"அது சண்டைக் காலம்."

என் மேசையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அது கூடாரத்துக்கென்று செய்த மேசை. இரண்டு கட்டில் சேர்த்துப் போட்ட அகலம். எந்தப் பக்கம் நின்று கைநீட்டினாலும் நடுவுக்கு எட்டாது. மேலே ஏறி, துணியடுக்கின்மேல் மண்டியிட்டு, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்துதான் வெட்ட வேண்டும். அதற்காகத்தான் எங்களுக்குக் கால்சட்டையே கொடுத்தார்கள். நாங்கள் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. முதல் நாள் அதைப் போட்டு வெளியே வரவே எனக்குக் கூச்சம்.

மேசையேறக் கால்சட்டை வேண்டும். கால்சட்டை கூடாது. அப்படியென்றால்? தாளில் மேசையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஆளைப் போ என்று சொல்லாமலே அனுப்புவது இப்படித்தான் போலிருக்கிறது. பாவாடையைச் சொல்லி மேசையை உருவுறான். அட, நேரா மூஞ்சியைப் பாத்துச் சொல்லேன்யா! மச்சான் வந்துட்டான், நீ இறங்குன்னு சொல்ல வாய் வராதா?

பிப்ரவரி 16, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கோட்டுக்குப் பிரஷ் போட்டுக்கொண்டே, "போகட்டும் விடு. நான்தான் திரும்பி வந்துட்டேனே" என்றார்.

அவர் வந்ததற்கும் என் மேசைக்கும் என்ன சம்பந்தம்? நான் ஏதோ அவருக்காக இடம் பிடித்து வைத்திருந்த மாதிரி.

அந்தக் கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டாளத்தை விட்டு அனுப்பும்போது அரசாங்கம் ஆளுக்கொரு கோட்டும் கால்சட்டையும் கொடுத்தது. எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே வெள்ளைக்கோடு. தெருவில் பாதி ஆண்கள் அதைத்தான் போட்டுத் திரிகிறார்கள். போன வருஷம் கடைத்தெருவில் ஒருத்தர் கையைப் பிடித்து, "எங்க போய்த் தொலைஞ்சீங்க, எத்தனை நேரம் நிக்கிறது?" என்று கத்திவிட்டேன். திரும்பினால் வேறு யாரோ. அந்த மனுஷன், "மன்னிச்சுக்கம்மா" என்றார்! அவர் வீட்டிலும் ஒருத்தி என்னை மாதிரிதான் போல.

இன்றைக்கு அதை நினைத்தும் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

மகள் அந்தப் பாவாடை வேண்டும் என்கிறாள். படப் புத்தகத்தின் ஒரு தாள் அவள் கைக்கும் எப்படியோ வந்துவிட்டது.

"அந்தப் பேச்சையே எடுக்காதே" என்றேன்.

அவள் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. இன்று பேசினாள். "சண்டை ஆரம்பிச்சப்ப எனக்குப் பத்து வயசும்மா. அதுலேருந்து எனக்குன்னு புதுசா வெட்டின துணி ஒண்ணாவது போட்டிருக்கேனா? உன்னோட பழசு. அப்பாவோட பழசு. மேசைவிரிப்பு. கோதுமை மூட்டை. அந்தக் கவுனைத் துவைக்கத் துவைக்க முதுகுல 'நூறு ராத்தல்'னு எழுத்து தெரிஞ்சுது. தெருப் பையன்லாம் என்னை எப்படிக் கூப்பிட்டான் தெரியுமா உனக்கு?"

தெரியும். அந்த எழுத்தின்மேல் பூ வைத்துத் தைத்ததே நான்தான்.

 அந்தப் பாவாடை அழகாகத்தான் இருக்கிறது. அதன்மேல் எனக்கென்ன விரோதம்? அதை எத்தனை கெஜத்துக்கு வேண்டுமானாலும் வெட்டுகிறேன். வெட்ட விடு என்றுதானே கேட்கிறேன்.

மார்ச் 1, சனி

பாவாடை கட்டிக்கொண்டு போனேன். என்னைப் பொத்தான் தைக்க உட்கார வைத்தார்கள். இந்தப் பாவாடையில் ஜேபி இல்லை. துணியில் குறிக்கும் சுண்ணாம்புக்கட்டியை எங்கே வைப்பதென்று கை தானாகவே தொடையைத் தடவித் தடவிப் பார்த்தது. சுண்ணாம்புக்கட்டிக்கு இப்போது என்ன வேலை என்று பிறகுதான் உறைத்தது.

மார்ச் 7, வெள்ளி

மச்சானால் மேசையேற முடியவில்லை. எனக்கு முன்பே தெரியும். முதலாளிக்கும் தெரியாமலா இருக்கும்? மடங்காத காலோடு மண்டியிடுவது எப்படி? ஓரத்தில் நின்று எட்டிய மட்டும் வெட்டுகிறார். எட்டாத இடத்தில் துணியைப் பிரித்து ஒட்டுப்போடச் சொல்கிறார். பாவாடையின் நடு முன்பக்கம், தொப்புளுக்கு நேர் கீழே, ஒரு தையல் ஓடுகிறது.

பெரிய தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் அம்மா வந்து பார்த்தாள். நாற்பது பாவாடைக்குச் சொல்லியிருப்பவள் அவள்தான். கடையின் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக மாட்டப்போகிறாளாம். "இது என்ன, ஆபரேஷன் பண்ணின வயிறு மாதிரி?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

மார்ச் 12, புதன்

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலில் ஒரே தேன். "காலையில மத்தவங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வந்து வெட்டிக் குடுத்துடும்மா. அப்புறம் வழக்கம்போலப் பொத்தான்ல உக்காந்துக்க."

"கால்சட்டை?"

"தாளை ஒட்டினவன் நான். நானே மீறினா மத்தவ என்ன நினைப்பா? பாவாடையிலேயே ஏறு."

"சீட்டு?"

துணியை வெட்டி முடித்ததும் ஒவ்வொரு துணிக்கட்டிலும் ஒரு சீட்டு குத்துவோம். எத்தனை அடுக்கு, என்ன அளவு, வெட்டியது யார் என்று அதில் இருக்கும். நான் எழுத்து கற்றதே அந்தச் சீட்டில்தான். சண்டையின் முதல் வருஷம் என் பெயருக்குப் பதில் ஒரு வட்டம் போட்டேன். மூன்றாம் வருஷம் பெயரையே எழுதினேன்.

"சீட்டுல மச்சான் பேரே இருக்கட்டும். அவனுக்கும் ஒரு மனசு இருக்கில்ல?" என்றார்.

எனக்கு இருப்பது என்னவாம்? பொத்தானா?

சரி என்றேன். ஏன் சொன்னேன்? கத்திரியைத் தொட்டுப் பதினொரு நாள் ஆகிவிட்டது. அதனால்தான் சொன்னேன். வெட்கங்கெட்டவ.

மார்ச் 19, புதன்

தப்பு நடந்துவிட்டது. நடந்தது நடந்தபடி எழுத வேண்டும்.

துணி வழவழவென்ற புது ரகம். தடவினால் தண்ணீர் மாதிரி ஓடும். எட்டு அடுக்கு விரித்து, ஓரத்தில் இரும்புக்கட்டி வைத்து மேலே ஏறினேன். கூடாரத் துணி முரடு, யானை ஏறினாலும் நகராது. இது அப்படியா? மண்டியிட்டுப் பின்னால் நகர்ந்தபோது பாவாடையின் விளிம்பு முழங்காலுக்கு அடியில் சிக்கியது. இழுத்தேன். மேல் நாலு அடுக்கு அதோடு கூட வந்தது. கொஞ்சந்தான். நாலு விரல்.

கண்ணில் பட்டது. நிச்சயமாகப் பட்டது. இறங்கி, எல்லாவற்றையும் எடுத்து மறுபடி விரித்திருக்கலாம். இன்னொரு மணி நேரம் ஆகும். அதற்குள் மற்றவர்கள் வந்துவிடுவார்கள், முதலாளி கையைப் பிசைவார். அவர் பிசையட்டும் என்று இறங்கியிருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன்? பாவாடையில ஏறுன்னுதானே சொன்ன? ஏறிட்டேன். இந்தா. யார் பேரோ போடப்போற சீட்டுதானே. அப்படியே வெட்டிவிட்டேன்.

ஆத்திரம் என் கையைப் பிடித்து வெட்டியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். என் கைதான் வெட்டியது.

மார்ச் 20, வியாழன்

கோணிப்போனவை நாலு. ஒரு பக்கம் முழங்கால், மறு பக்கம் கணுக்கால். நாலு பன்னிரண்டு நாற்பத்தெட்டு கெஜம். உள்ளங்கை அளவு துண்டுக்குப் பதில் சொன்னவள் நான்.

மார்ச் 21, வெள்ளி

முதலாளி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார். சீட்டைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. எல்லோர் முன்னாலும், "என்ன மாப்ள இது?" என்றார்.

மச்சான் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கால் வழுக்கிடுச்சு, மாமா" என்றார்.

மேசையில் ஏறவே முடியாத கால் எங்கே வழுக்கும்? முதலாளிக்குத் தெரியாதா? ஆனாலும் இரண்டு பேரும் அதை ஒத்துக்கொண்டார்கள். எல்லோரும் "த்சு, பாவம்" என்றார்கள். 

மத்தியானம் அவர் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"என் தப்பை எடுத்துக்கச் சொல்லி உங்களை யாரு கேட்டா தம்பி?"

"உங்களைக் காப்பாத்தலாம்னுதான்க்கா…"

"மேசையை எடுத்தீங்க. பேரை எடுத்தீங்க. தப்பு ஒண்ணுதான் என்னோடதுன்னு மிச்சம் இருந்துச்சு. அதையுமா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். டீயைக் கீழே வைத்தார். "மேசையை நான் கேக்கலக்கா. உக்காந்து அளவு குறிக்கிறேன்னுதான் சொன்னேன். மாமாதான், 'ஊரே பாக்குது, வெட்டுறவன்னு நில்லு'ன்னார். நிக்கிறேன். நிக்க மட்டுந்தான் முடியுது" என்றார்.

 என் கோபம் போகவில்லை. அது இன்னொரு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

மார்ச் 24, திங்கள்

துணிக்கடை அம்மா வந்தாள். முதலாளி கைகட்டிக்கொண்டு, "சண்டைல அடிபட்ட பையன், பெரிய மனசு பண்ணணும்" என்று ஆரம்பித்தார். அவளும் இளகிவிட்டாள். "ஐயோ, அவரை எதுவும் சொல்லாதீங்க" என்றாள்.

மடியிலிருந்த பொத்தான்களைக் கொட்டிவிட்டு எழுந்தேன். "அம்மா, அதை வெட்டினது நான்."

"ஏய், உக்காரு" என்றார் முதலாளி.

"நான்தாம்மா. தினமும் காலையில நான்தான் வெட்டுறேன். நல்லா வந்ததும் என் கை, கெட்டதும் என் கை."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா வெட்டுறவளுக்கு இது எப்படிக் கோணும்?"

"காட்டுறேன்."

மிச்சத் துணியை நாலு அடுக்காக விரித்தேன். பாவாடையோடு ஏறி மண்டியிட்டு நகர்ந்தேன். துணி கூடவே வந்தது, நாய்க்குட்டி மாதிரி. இறங்கினேன். காஜாக்காரி அதற்குள் உள்ளே ஓடி என் பழைய கால்சட்டையை எடுத்துவந்துவிட்டாள். மூட்டைகளுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டு வந்தேன். மறுபடி விரித்து, மறுபடி ஏறினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனேன். ஒரு நூல் நகரவில்லை.

கடைக்காரம்மா மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். முதலாளியிடம், "எனக்குத் துணி நேரா வரணும். இவ எதை மாட்டிக்கிட்டா எனக்கென்ன?" என்றாள்.

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. காஜாக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், சிரிப்பை அடக்க.

வாசல்வரை போனவள் திரும்பினாள். "ஆனா ஒண்ணு. என் வாடிக்கைக்காரங்க யாராவது வந்தா இவ கண்ணுல படக்கூடாது."

ஜெயித்தேனா தோற்றேனா? ஒன்றும் விளங்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

மேசை மறுபடி எனக்கு. சீட்டில் இப்போது இரண்டு வரி. குறித்தது என்ற இடத்தில் மச்சான் பெயர். ஸ்டூலில் உட்கார்ந்து குறிக்கிறார். அவர் இழுக்கும் இடுப்பு வளைவு எனக்கு வராது, அதை ஒத்துக்கொள்கிறேன். வெட்டியது என்ற இடத்தில் நான். முழுப் பெயர்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மேசையைச் சுற்றித் திரை கட்டிவிட்டார் முதலாளி. ராத்திரியில் விமானத்துக்கு வெளிச்சம் தெரியாமல் இருக்க சண்டைக் காலத்தில் ஜன்னலுக்குக் கட்டிய கறுப்புத் துணி. பரணில் கிடந்ததை எடுத்து, நாலு பக்கமும் இறக்கியிருக்கிறார். கால்சட்டை திரைக்குள்ளே மட்டுந்தானாம். வெளியே வரும்போது பாவாடை மாற்றிக்கொள்ள வேண்டும். தண்ணீர் குடிக்கப் போனாலும்.

உள்ளே பகலிலேயே விளக்கு. வேர்த்துக் கொட்டுகிறது. எனக்கென்ன குஷ்டமா?

மச்சான் திரையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "ஆஸ்பத்திரியில சாகப்போறவன் கட்டிலைச் சுத்தித்தான்க்கா இப்படிக் கட்டுவாங்க."

ஏப்ரல் 3, வியாழன்

காஜாக்காரி கீழே விழுந்துவிட்டாள். மேல்தட்டிலிருந்து நூல்கண்டு எடுக்க ஏணியேறியிருக்கிறாள். பாவாடை காலைத் தடுக்கிவிட்டது. தாடையில் நாலு தையல். கட்டுப் போட்ட வாயோடு, "டாக்டருக்குக் காஜா போட வரலக்கா, நான் போட்டிருந்தா இதைவிட நல்லா இருந்திருக்கும்" என்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருஷம் இதே ஏணியில் கால்சட்டையோடு ஏறி இறங்கினாள். ஒருநாள் விழுந்ததில்லை.

நான் ஒருத்தி மட்டும் திரைக்குள்ளே போட்டுக்கொண்டால் போதுமா? எனக்கு மேசை கிடைத்தது, நான் வாயை மூடிக்கொண்டேன். அதுதானே நடந்தது?

ஏப்ரல் 5, சனி

முதலாளி பட்டணம் போயிருந்தார். திரையை அவிழ்த்தேன். பதினான்கு கெஜம். கெட்டித் துணி, சாயம் கொஞ்சமும் போகவில்லை. சண்டை முடிந்ததிலிருந்து பரணில் ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் யாருக்கும் உபயோகமில்லாமல் கிடந்த துணி.

கடையில் நாங்கள் ஆறு பெண்கள். மேசைமேல் ஆறு அடுக்கு விரித்தேன்.  மச்சான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "யாராருக்கு என்ன அளவுக்கா?" என்று மட்டும் கேட்டார். காஜாக்காரியின் இடுப்பளவை நான் சொன்னபோது அவள் கட்டுக்குள்ளிருந்தே கத்தினாள். இரண்டு அங்குலம் கூட்டிச் சொன்னேனாம். இல்லை, குறைத்துத்தான் சொன்னேன்.

சீட்டு குத்தினேன். ஆறு அடுக்கு. கால்சட்டை. குறித்தது அவர், வெட்டியது நான். வேலை போகும் என்றால் ஒழுங்காக எழுதிவைத்துவிட்டே போகட்டும்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் ஆணியிலிருந்த கோட்டை எடுத்தார். பிறகு, "என் கோட்டுல ஜேபிக்கு நல்ல உள்துணி இருக்கு, வேணும்னா பிரிச்சுக்க" என்றார். அந்த மனுஷனுக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாது.

ஏப்ரல் 7, திங்கள்

ஆறு பேரும் போட்டுக்கொண்டு போனோம். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ஒருத்தன் விசிலடித்தான். காஜாக்காரி திரும்பி அவனைப் பார்த்தாள். தாடைத் தையலோடு அவள் பார்த்த பார்வையில் விசில் பாதியில் நின்றது.

முதலாளி வாசலில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்தார். உள்ளே திரையில்லாமல் கிடந்த மேசையைப் பார்த்தார். மறுபடி எங்கள் கால்களைப் பார்த்தார். துணியை அடையாளம் தெரிந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது.

யாரும் நகரவில்லை. தையல் மிஷின் ஒன்றுகூட ஓடவில்லை. மச்சான் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்தபடி சுண்ணாம்புக்கட்டியைச் சீவிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாவுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள மிச்சம் இருபத்திரண்டு பாவாடை" என்றார் முதலாளி, யாரையும் பார்க்காமல்.

"பாவாடைத் துணிக்கட்டை இன்னும் அவிழ்க்கல. நீங்க ஒரு முனையைப் பிடிங்க" என்றேன்.

பிடித்தார்.